மருத மரத்தடிச் சந்தை: படுவான்கரைப் பிரதேச சபை ஒன்றில் நடந்தது

சந்தைக் கட்டடத்தின் திறப்புக் கோர்வை எங்கள் சபைக் காரியாலயத்தில், வருமானப் பரிசோதகரின் மேசைக்கு மேலே ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பத்துக் கடைகளுக்குப் பத்துத் திறப்பு. போர் ஓய்ந்த பின் வந்த உதவித் திட்டம் ஒன்றில் கட்டிக் கொடுத்த கட்டடம் அது. சுவர் நல்ல சுவர், கூரை நல்ல கூரை, முகப்பில் பெயர் பொறித்த கல்லும் இருந்தது. கடையை எடுக்கத்தான் ஆள் இல்லை. வருடம் தவறாமல் கேள்விப்பத்திரம் கோரினோம். ஒருவரும் போடவில்லை.

அதே ஊரில் ஞாயிறுதோறும் சந்தை கூடியது. கட்டடத்திலிருந்து அரைக் கிலோமீற்றர் தள்ளி, பஸ் நிற்கும் சந்தியில், பெரிய மருத மரத்தின் கீழ். உரச்சாக்கை விரித்து கத்தரிக்காய், பயற்றங்காய், சோளம் பொத்தி, அவித்த கச்சான், முட்டியில் தயிர், சுருட்டி வைத்த பன்பாய் என்று பரப்புவார்கள். பெரும்பாலும் பெண்கள். விடியலில் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிந்துவிடும். சபையின் பதிவில் அது அனுமதியற்ற வீதியோர வியாபாரம். இரண்டு தடவை நாங்களே போய் அவர்களை எழுப்பியிருக்கிறோம். இரண்டாம் தடவை நானும் போனேன். சாக்கைச் சுருட்டிக்கொண்டே ஒரு பெரியம்மா என்னிடம் கேட்டார்: "மனே, அந்தக் கட்டடத்துக்கு நான் வருவேன். வாங்குகிறவன் வருவானா?"

நான் மட்டக்களப்பு மாவட்டத்துப் படுவான்கரையில் உள்ள அந்தச் சபையில் சமுதாய அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலை செய்தவன். அங்கு என்னோடு இருந்தவர்கள் பலர் இன்னும் சேவையில் இருப்பதால் சபையின் பெயரைச் சொல்லவில்லை. 2018ஆம் ஆண்டிலிருந்து சில வருடங்களில் அந்தச் சபை ஊரின் வருமானத்துக்கும் தொழிலுக்கும் என்ன செய்தது, எதில் தோற்றது என்பதை உள்ளே இருந்து பார்த்தபடி எழுதுகிறேன். கிராமப்புற உள்ளூராட்சி என்றால் தெருவிளக்கும் குப்பை வண்டியும் மட்டும்தான் என்று நம்புகிறவர்கள் பலர். சபைக்குள் இருப்பவர்களிலும் அப்படி நம்புகிறவர்கள் உண்டு. அவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

படுவான்கரை

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரம் எழுவான்கரை, மேற்கே சூரியன் படும் பக்கம் படுவான்கரை. படுவான்கரையின் பெரும்பகுதி மண்முனை மேற்கு, மண்முனை தென்மேற்கு, போரதீவுப்பற்று ஆகிய மூன்று பிரதேச சபைகளுக்குள் வருகிறது. மாவட்டத்தின் நெல்லில் பெரும் பங்கு இங்கே விளைகிறது. உன்னிச்சை, நவகிரி போன்ற குளங்களின் நீர் பாயும் வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், இரண்டு போகம். மற்ற இடங்களில் மழையை நம்பிய மானாவாரி, ஒரே போகம். மாடும் எருமையும் பட்டி பட்டியாக உண்டு. மேட்டு நிலத்தில் சோளமும் கச்சானும்.

விளைவதெல்லாம் இக்கரையில், விற்பதும் வாங்குவதும் அக்கரையில். காலங்காலமாக இதுதான் நிலைமை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் அந்த இடத்தில் வாவியைக் கடந்தது, 'பாதை' என்று நாம் சொல்லும் மிதவையில் ஏறித்தான். பாலம் வந்தது பெரிய விடுதலை. கர்ப்பிணித் தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப் பாதைக்குக் காத்திருந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால், ஒரு பாலத்தில் இரண்டு திசையிலும் வண்டி ஓடும். பாலம் வந்த பிறகு அக்கரைச் சாமான் லொறியில் வாசலுக்கே வந்தது. இக்கரையில் இருந்த இரண்டொரு சிறு கடைகளும் மூடப்பட்டன. இளைஞர்கள் காலையில் மோட்டார் சைக்கிளில் அக்கரைக்குக் கூலி வேலைக்குப் போய் இரவு திரும்பினார்கள். பலர் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் போனார்கள்.

சபைக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள் ஆகியவற்றையும் மக்களின் நலனையும் சபையிடம் ஒப்படைக்கிறது. 19ஆம் பிரிவில் அதிகாரங்களின் நீண்ட பட்டியல் இருக்கிறது. கிராம அபிவிருத்தி, வேலைவாய்ப்பு, பெண்களின் முன்னேற்றம் ஆகியவற்றுக்குச் சபை நிதியில் ஒரு பகுதியைச் செலவிடவும் இடம் இருக்கிறது. ஆகவே பொருளாதாரம் எங்கள் வேலை அல்ல என்று சொல்லிச் சட்டத்தைக் காட்டித் தப்ப முடியாது.

காசு வேறு கதை. அபிவிருத்திப் பணத்தில் பெரும்பகுதி பிரதேச செயலகம் வழியாக வருகிறது. சிறு தொழில் முயற்சிப் பிரிவு, விதாதா வள நிலையம், சமுர்த்தி எல்லாம் அங்கேதான். பிரதேச செயலகம் மத்திய அரசின் கை; பிரதேச சபை மக்கள் வாக்களித்துத் தெரிவு செய்வது. இரண்டும் ஒரே வீதியில் எதிரெதிரே இருந்தும் ஒன்று செய்வது மற்றதற்குத் தெரியாமல் வருடங்கள் போகும். சபையின் சொந்த வருமானமோ மிகச் சிறியது. மதிப்பீட்டு வரி கட்டடங்கள் நெருங்கிய பகுதிகளில் மட்டும்தான் அறவிடலாம். வயலும் பற்றையும் சூழ்ந்த படுவான்கரையில் அப்படிப்பட்ட பகுதி எவ்வளவு இருக்கும்? வியாபார வரிக்கும் சட்டத்திலேயே உச்சவரம்பு போட்டிருக்கிறார்கள். முந்திய வருடத்து வரும்படி 150,000 ரூபாயைத் தாண்டினால் 3,000 ரூபாய், அதற்கு மேல் இல்லை. கோடிக்கணக்கில் நெல் வாங்கி விற்கும் மொத்த வியாபாரியும் அதே 3,000 ரூபாய்தான் கட்டுகிறார். உரிமக் கட்டணத்தின் உச்சம் 1,000 ரூபாய். இவை 1987இல் எழுதிய தொகைகள். பணத்தின் பெறுமதி எத்தனை மடங்கு விழுந்துவிட்டது! ஊர் வளர்ந்தாலும் சபைக்கு வருமானம் கூடாது என்ற இந்த ஏற்பாட்டை மாற்றாமல் உள்ளூர்ப் பொருளாதாரம் பற்றிப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஆக, கையில் காசு இல்லாத சபை. அப்படியானால் அதன் கையில் வேறு என்ன இருந்தது என்று பார்ப்பதுதான் மிச்சம்.

கொப்பி

2018 பெப்ரவரி 10 தேர்தல் புதிய முறையில் நடந்தது. வட்டாரமும் விகிதாசாரமும் கலந்த முறை, பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு. எங்கள் சபைக்கும் முதல் தடவையாகச் சில பெண் உறுப்பினர்கள் வந்தார்கள். ஒருவர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பல வருடம் தலைவியாக இருந்தவர். முதலாவது வரவு செலவுத் திட்டத்துக்கு ஆளுக்கொரு முன்மொழிவு கேட்டபோது மற்றவர்கள் வீதியும் மதகும் நுழைவாயில் வளைவும் எழுதிக் கொடுத்தார்கள். இவர் எழுதவில்லை. "ஊரை விட்டு எதற்கெதற்குக் காசு வெளியே போகிறது என்று முதலில் எழுதுவோமே" என்றார்.

அந்த வேலை என்னிடம் வந்தது. 80 பக்க அப்பியாசக் கொப்பி ஒன்று வாங்கினேன். சனசமூக நிலையக் கூட்டங்கள், கமக்காரர் அமைப்பின் கூட்டங்கள், மாதர் சங்கங்கள் என்று போன இடமெல்லாம் ஒரே கேள்வி: கடந்த ஒரு மாதத்தில் அக்கரையில் எதற்குக் காசு கொடுத்தீர்கள்? புள்ளிவிபரம் என்று சொல்லத்தக்க ஒன்றும் அதில் இல்லை. ஆனாலும் அதைப் புரட்டிப் பார்த்த தவிசாளர் நெடுநேரம் பேசவில்லை.

தண்ணீர்ப் பம்பி திருத்த அக்கரைக்கு. உழவு இயந்திரத்தின் கிளச் மாற்ற அக்கரைக்கு. ஜன்னல் கிறில் ஒட்ட, போட்டோப் பிரதி எடுக்க, விண்ணப்பப் படிவம் நிரப்ப அக்கரைக்கு. சுவர் கட்ட ஊரிலேயே மேசன் இருந்தும் மாடிப்படி என்றால் அக்கரை மேசன். பால் வெறும் பாலாக வெளியே போய், யோகட்டாகவும் பால்மாவாகவும் திரும்பி வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வரி இருந்தது. எனக்கு அது இன்றும் உறுத்துகிறது. பெரும்போகத்தில் மூட்டை மூட்டையாக நெல் அடுக்கும் ஊரில், பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் அரிசி மாவைக் கடையில் பைக்கற்றாக வாங்கினார்கள். இடிக்க நேரமில்லை, அரைக்க ஆலை தூரம் என்றார்கள். அந்த மாவுப் பைக்கற் வெளி மாவட்டத்திலிருந்து வந்தது.

அதுவரை சபை கொடுத்துவந்த ஒரே தொழிற்பயிற்சி தையல். ஆறு மாதப் பயிற்சி, முடிவில் கண்காட்சி, சான்றிதழ், குழுப்படம். ஆசிரியை நல்லவர், பிள்ளைகளும் நன்றாகத் தைத்தார்கள். ஆனால், அக்கரையில் காத்தான்குடிக் கடைகளில் ஆயத்த ஆடை மலிவாகத் தொங்கும்போது ஊரில் யார் தைக்கக் கொடுப்பார்? மெசினும் ஆசிரியையும் ஏற்கெனவே இருந்ததால்தான் அந்தப் பயிற்சி வருடாவருடம் நடந்தது. கொப்பியில் உள்ள ஒரு வரிக்கும் சபை கொடுத்த பயிற்சி ஒன்றுக்கும் தொடர்பே இல்லை என்பது அன்றுதான் எங்களுக்கு உறைத்தது.

மரத்தடி

சந்தையை முதலில் எடுத்தோம். அது சபையின் சொந்த அதிகாரத்துக்குள் இருப்பது. யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை என்று நினைத்தோம். அந்த நினைப்புத் தவறு. மருத மரம் நின்றது வீதி ஒதுக்கில். ஏ, பி தர வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் பொறுப்பு, சி, டி தர வீதிகள் மாகாணத்தின் பொறுப்பு, எஞ்சிய கிராமிய வீதிகள்தான் சபைக்கு. எங்கள் சந்தி மாகாண வீதியில் இருந்தது. ஒரு கடிதம், அதற்கு நினைவூட்டல், கள ஆய்வு, மறுபடி கடிதம் என்று மாதங்கள் போயின. கடைசியில், வீதி விளிம்பிலிருந்து தள்ளி மரத்தின் பின்புறம் உள்ள வெளியில் நிரந்தரச் சுவர் எழுப்பாமல் கொட்டகை போடலாம் என்று எழுத்தில் வந்தது.

சபைக்குள் வாக்குவாதம் நடந்தது. கட்டடம் சும்மா கிடக்க இன்னொரு கொட்டகையா, கணக்காய்வு கேட்டால் யார் பதில் சொல்வது என்று செயலாளர் கேட்டார். அவர் கேட்டது நியாயம். பழைய கட்டடம் ஏன் தோற்றது என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சபையில் வெளிப்படையாகப் பேசினோம். நிலம் இலவசமாகக் கிடைத்ததால் அந்த இடத்தில் கட்டினார்கள். அங்கே பஸ் நிற்காது. வருடக் குத்தகையும் முற்பணமும் கேட்டோம். வாரத்தில் ஒரு நாள், அதுவும் நான்கு மணிநேரம், ஒரு சாக்கு விரிப்பில் விற்கும் பெண் எப்படி வருடக் குத்தகை எடுப்பார்? கடைக்குக் கதவு போட்டுக் கொடுத்தோம். அவர்களுக்குத் தேவை நிழலும் தண்ணீரும் மலசலகூடமும்.

மலசலகூடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விடிய 4 மணிக்கு வீட்டை விட்டு வரும் பெண்கள் முற்பகல் 10 மணி வரை தண்ணீர் குடிப்பதில்லை. போக இடமில்லை என்பதால் குடிக்காமல் இருந்தார்கள். இதைச் சபையில் எழுந்து சொன்னது அந்தப் பெண் உறுப்பினர்தான். ஆண்கள் நாங்கள் அத்தனை வருடமும் அந்த மரத்தடியில் காய்கறி வாங்கியிருக்கிறோம். ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

கொட்டகை வேலையை வெளி ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்காமல் ஊர்க் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குக் கொடுத்தோம். சிறு வேலைகளைச் சமூக அமைப்புகளுக்கு நேரடியாக வழங்கப் பெறுகை நடைமுறையில் இடம் இருக்கிறது. அத்திவாரம் வெட்டியவரிலிருந்து தகரம் அடித்தவர் வரை எல்லோரும் ஊரவர். கூலி ஊருக்குள் நின்றது. வருடக் குத்தகையை நீக்கி, அன்றன்றைக்குத் தரை வாடகை என்று தீர்மானம் நிறைவேற்றினோம். ஒரு தேநீர்க் காசு. வருமானப் பரிசோதகர் டிக்கெட் புத்தகத்தோடு போய்க் கிழித்துக் கொடுப்பார். விரட்டிய அதே மனிதர். பெரியம்மா முதல் டிக்கெட்டை வாங்கி, மடித்து, கொட்டைப்பெட்டிக்குள் வெற்றிலையோடு வைத்துக்கொண்டார். இனி யாராவது எழும்பச் சொன்னால் காட்டுவதற்கு என்றார்.

2020இல் கொரோனாவில் சந்தை மூடியது, திறந்தது, மூடியது. 2021இல் இரசாயன உர இறக்குமதித் தடையால் வயல் பொய்த்து, கையில் காசு ஓட்டம் நின்றது. பிறகு 2022 வந்தது. பெற்றோல் வரிசையில் நாட்கணக்கில் நின்ற காலம். அக்கரைக்குப் போக மோட்டார் சைக்கிளில் எண்ணெய் இல்லை. அந்த மாதங்களில் மரத்தடிச் சந்தை ஞாயிறோடு புதனும் கூடத் தொடங்கியது. மரவள்ளிக் கிழங்கு மலை மலையாகக் குவிந்தது. ஊரின் துன்பத்தில் வளர்ந்த சந்தை என்பதால் அதை வெற்றி என்று எழுதத் தயங்குகிறேன். ஆனாலும் அந்தக் கொட்டகை அன்று இல்லாதிருந்தால் சில வீடுகளில் அடுப்பு எரிந்திருக்காது.

நூல் கட்டத் தெரிந்தவர்கள்

படுவான்கரையில் இத்தனை மேசன்மார் எப்படி வந்தார்கள் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2004 சுனாமிக்குப் பின் எழுவான்கரையில் வீடு கட்டும் வேலை பெருகியது. இக்கரை இளைஞர்கள் கையாளாகப் போனார்கள். பிறகு 2012இல் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டம். வீட்டுக்கு 550,000 ரூபாய், பயனாளியே நின்று கட்டிக்கொள்ள வேண்டும். கையாளாக இருந்தவர்கள் சாந்தகப்பையைக் கையில் எடுத்தார்கள். திட்டம் முடிந்தது. தொழில் கையில் நின்றது, ஆனால் தாளில் இல்லை. கொழும்பில் தெரிந்த ஒருவர் சொன்னால்தான் மேசன் கூலி. கட்டார், டுபாய் என்றால் சான்றிதழ் இல்லாதவர் வெறும் கூலியாளாகவே போகலாம். ஊரில் மாடிப்படிக்கு அக்கரை மேசனைக் கூப்பிட்டதற்கும் காரணம் இந்தத் தாள்தான் என்று பிறகு புரிந்தது. படம் கீறிக் கொடுத்தால் எங்கள் மேசன்மாருக்கு வாசிக்கத் தெரியாது.

தேசிய தொழில் தகைமை, அதாவது எல்லோரும் சொல்லும் என்.வி.கியூ. சான்றிதழைப் பெற இரண்டு வழி. பயிற்சி நிலையத்தில் படிப்பது ஒன்று. அனுபவத்தை நிரூபித்து மதிப்பீட்டுக்கு முகங்கொடுப்பது மற்றது. முன்கற்றல் அங்கீகாரம் என்று இதற்குப் பெயர். 'நைற்றா' என்று நாம் சொல்லும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை இதைச் செய்கிறது. விண்ணப்பத்தோடு செய்த வேலைகளின் படங்கள், வேலை கொடுத்தவர்களின் கடிதங்கள் எல்லாம் கோவையாகக் கட்ட வேண்டும். பிறகு மதிப்பீட்டாளர்கள் முன் செய்து காட்ட வேண்டும். 20 வருடம் வேலை செய்த ஒருவர் பிள்ளைகளோடு வகுப்பில் உட்காரத் தேவையில்லை. அருமையான ஏற்பாடு. ஊரில் அதைப் பற்றிக் கேள்விப்பட்டவர் ஒருவரும் இல்லை.

சபை செய்தது சிறிய வேலைதான். கட்டட வரைபடங்களுக்கு அனுமதி வழங்குவது சபை. வரைபடத்தை வாசிக்கத் தெரிந்த தொழினுட்ப உத்தியோகத்தர் ஒருவர் சபையில் சம்பளத்துக்கு இருக்கிறார். சனிக்கிழமை பிற்பகல் ஆளில்லாத நூலக மண்டபமும் இருக்கிறது. பெயரும் முகவரியும் மறைத்த பழைய வரைபடங்களை நூலகத் தரையில் விரித்து வகுப்புத் தொடங்கியது.

முதல் சனிக்கிழமை நானும் இருந்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய மேசன் ஒருவர் வரைபடத்தின் மேல் விரலை வைத்து, "தம்பி, இது கதவா, ஜன்னலா?" என்று கேட்டார். அவர் கட்டிய வீடுகள் ஊர் முழுக்க நிற்கின்றன. வரைபடம் மில்லிமீற்றரில் இருந்தது. அவருக்குத் தெரிந்தது அடியும் அங்குலமும். "225 என்று போட்டிருந்தால் உங்கள் ஒன்பது அங்குலச் சுவர், ஐயா" என்று தொழினுட்ப உத்தியோகத்தர் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்து மூலைமட்டம். நூலில் மூன்றடி, நான்கடி, குறுக்கே ஐந்தடி பிடித்தால் மூலை சரி என்பது அவர் கைக்குப் பழகிய வேலை. ஏன் அப்படி என்று தொழினுட்ப உத்தியோகத்தர் கரும்பலகையில் மூன்று சதுரம் கீறிக் காட்டினார். ஒன்பதும் பதினாறும் இருபத்தைந்து. அவர் கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்த் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வந்து, திரும்பவும் சொல்லச் சொன்னார்.

கோவைக்குப் படம் வேண்டும் என்றபோது சந்தைக் கொட்டகை கைகொடுத்தது. கட்டும்போதே கைப்பேசியில் எடுத்த படங்கள், சங்கத்தின் கடிதம், சபையின் வேலை முடிவு அறிக்கை எல்லாம் ஆதாரமாயின. மதிப்பீட்டு நாளில் ஒவ்வொருவரும் தூக்குக்குண்டு பிடித்து மூலைச் சுவர் எழுப்பினார்கள், ஒரு துண்டு பூசினார்கள், வரைபடம் பார்த்து அத்திவாரத்துக்கு நூல் கட்டினார்கள். சிலருக்கு மூன்றாம் மட்டம், சிலருக்கு நான்காம் மட்டம் கிடைத்தது. வாய்மொழிக் கேள்வியில் தடுமாறிய இருவர் பிறகு திரும்பப் போனார்கள். அந்த மூத்த மேசனுக்கு நான்காம் மட்டம். அவர் வெளிநாடு போகவில்லை. ஊரிலேயே தன் முதல் மாடிப்படியைக் கட்டினார்.

நாலு தாள்

கொப்பியில் இருந்த அரிசி மா வரிக்கு விடை ஒரு பெண்ணிடம் ஏற்கெனவே இருந்தது. வீட்டுப் பின்புறத்தில் சிறிய அரைக்கும் இயந்திரம் வைத்து, வறுத்த அரிசி மாவும் குரக்கன் மாவும் செய்து மரத்தடியில் விற்றுவந்தவர். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். அக்கரைக் கடைக்காரர் ஒருவர் பைக்கற்றில் முகவரியும் பதிவும் போட்டுத் தந்தால் தொடர்ந்து எடுப்பதாகச் சொல்லியிருந்தார்.

அவர் சொப்பிங் பையில் கட்டிக் கொண்டுவந்த தாள்களை என் மேசையில் ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தேன். வியாபாரப் பெயர்ப் பதிவுக்குப் பிரதேச செயலகம். உணவு என்பதால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கை. அவர் சுகாதார வைத்திய அதிகாரியின் கீழ், வேறு இடத்தில். அரைக்கும் ஆலைக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம். சிறிய ஆலை என்பதால் அதை வழங்குவது சபை, ஆனால் கள ஆய்வுக்கு நாள் வேண்டும். கடைசியில் சபையின் வியாபார உரிமம். ஒவ்வொரு காரியாலயத்துக்கும் ஒரு நாள், ஒரு நாளுக்கு ஒரு பஸ், போன நாளில் மா அரைபடாது. ஏழு மாதமாக அலைந்திருந்தார். இறுதியில் எங்கள் சபை மேசையில்தான் நின்றுபோனது. எங்கள் படிவத்தில் காணி உறுதிப் பிரதி இணைக்கவும் என்று ஒரு வரி. அவர் இருப்பது அரச காணியில், உறுதி எங்கிருந்து வரும்? 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவர்களும், அதுவும் இல்லாதவர்களும்தான் அந்த ஊரில் பாதிக்கு மேல். அந்த வரியை யார் எப்போது சேர்த்தார்கள் என்று தேடினேன். பழைய படிவத்தைப் பார்த்துப் பிரதி எடுத்து, பிரதியைப் பார்த்துப் பிரதி எடுத்து வந்த வரி அது. சபைத் தீர்மானத்தோடு நீக்கினோம். வீட்டில் நடக்கும் சிறு தொழிலுக்குக் கிராம உத்தியோகத்தரின் வதிவிட உறுதிப்படுத்தல் போதும் என்று எழுதினோம்.

அதைத் தொடர்ந்துதான் நடமாடும் சேவை. பிரதேச செயலாளரிடம் தவிசாளர் நேரில் போய்க் கேட்டார். எதிரெதிர்க் காரியாலயங்கள் இரண்டும் அன்று ஒரே மண்டபத்துக்குள் வந்தன. பெயர்ப் பதிவு மேசை, சுகாதாரப் பரிசோதகர், சபை மேசை, நைற்றாவின் மேசை எல்லாம் வரிசையாக. விண்ணப்பம் நிரப்ப நூலகப் பெண்களை உட்கார்த்தினோம். காலையில் வெறுங்கையோடு வந்து மாலையில் பெயர்ப் பதிவோடு போனவர்கள் இருந்தார்கள். மாக்காரப் பெண்ணுக்குக் கள ஆய்வு அதே வாரத்தில் முடிந்தது. பைக்கற்றில் ஒட்டும் விபரத்தாளை மூன்று மொழியிலும் நூலகத்துக் கணினியில் அச்சடித்துக் கொடுத்தோம். சிங்களத்தில் ஓர் எழுத்துப் பிழை இருந்ததைக் கடைக்காரர்தான் கண்டுபிடித்துச் சொன்னார்.

எதில் தோற்றோம்

பாலில் தோற்றோம். பட்டிகளிலிருந்து பால் வரும் கிறவல் வீதி மாரியில் கரைந்துவிடும். பால் கான் கட்டிய மோட்டார் சைக்கிள் சேற்றில் நின்றால் குளிரூட்டும் நிலையத்துக்குப் போவதற்குள் பால் திரைந்துவிடும், அன்றைய காசு போய்விடும். அந்த வீதி சபையுடையது. வருடாவருடம் கிறவல் கொட்டினோம், வருடாவருடம் வெள்ளம் கொண்டுபோனது. மதகு இல்லாமல் கிறவல் கொட்டுவது வாய்க்காலுக்கு மண் போடுவதுதான் என்று தொழினுட்ப உத்தியோகத்தர் சொல்லிக்கொண்டே இருந்தார். மதகுக்கான தொகை எங்கள் கைக்கு எட்டவில்லை. தயிரிலும் யோகட்டிலும் ஊர் பெறக்கூடிய வருமானம் அந்த மூன்று கிலோமீற்றரில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

நுண்கடனில் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சந்தை நாளில் கடன் அறவிடுகிறவர்கள் மரத்தடிக்கு வந்து நிற்பார்கள். விற்ற காசு வீட்டுக்குப் போகுமுன் அவர்கள் கைக்குப் போய்விடும். அவர்கள்மேல் சபைக்கு அதிகாரம் எதுவும் இல்லை. கொட்டகைக்குள் வந்து அறவிட வேண்டாம் என்று சொன்னோம். மரத்துக்கு அந்தப் பக்கம் நின்று அறவிட்டார்கள்.

பம்பித் திருத்தப் பயிற்சிக்கு இளைஞர்கள் ஆர்வமாக வந்தார்கள். கருவிப்பெட்டி வாங்க வழியில்லாததால் படித்தவர்களில் பலர் கைவிட்டார்கள். தொழில் பழக்குவதற்கு ஒதுக்கியதில் பாதியைக் கருவிக்கு ஒதுக்கியிருக்க வேண்டும். அது என் திட்டத்தில் இருந்த பிழை.

2023 மார்ச் 19இல் சபைகளின் காலம் முடிந்தது. தேர்தல் தள்ளிப்போனது. இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினர் இல்லாமல் செயலாளர் நிர்வாகம் நடந்தது. வரவு செலவு ஒழுங்காக ஓடியது, டிக்கெட் கிழிந்தது, குப்பை அள்ளினார்கள். சனிக்கிழமை வகுப்பு நின்றது. தொழினுட்ப உத்தியோகத்தர் இடமாற்றத்தில் போனார், வந்தவரிடம் கேட்பதற்கு உறுப்பினர் யாரும் இல்லை. நடமாடும் சேவையும் நடக்கவில்லை. 2025 மே 6 தேர்தலுக்குப் பின் ஜூன் மாதம் புதிய சபை கூடியது. நான் அதற்கு முன்பே இடம் மாறிவிட்டேன். கொப்பியை விட்டுவிட்டு வந்தேன். யாரிடம் இருக்கிறதென்று விசாரித்தேன். பழைய பெண் உறுப்பினர் பத்திரமாக வைத்திருக்கிறாராம்.

அண்மையில் ஒரு ஞாயிறு அந்தப் பக்கம் போனேன். சந்தையைப் பின்னேரமும் நடத்தலாமா என்று வியாபாரிகள் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பின்னேரம் என்றால் வேலை முடிந்து வருகிறவர்கள் வாங்குவார்கள். தடையாக இருப்பது யானை. இருட்டுப்பட்டால் குளத்துக் கட்டுப் பக்கமிருந்து யானை இறங்கும், கத்தரிக்காய் மூட்டையோடு தனியே வீட்டுக்கு நடக்க முடியாது. வளைவில் இரண்டு தெருவிளக்கு வேண்டும், கடைசி பஸ் அரை மணி நேரம் பிந்திப் புறப்பட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். விளக்குச் சபையின் பொறுப்பு, பஸ் வேறு இடத்தின் பொறுப்பு என்று சொன்னேன். "அப்படியென்றால் இரண்டு கடிதமாக எழுது, மனே" என்றார் பெரியம்மா. தராசுப் பெட்டியின் மேல் தாளை வைத்து இரண்டையும் எழுதினேன். கையொப்பம் வைக்க வரிசையில் நின்றார்கள்.